உங்களுக்குத் தெரியுமா? ரோம்: வாசலும் நேரமும் தெரிந்தால் போதும்

ரோமுக்குப் புறப்படும் பலரும் கொலோசியத்துக்கும் வத்திக்கானுக்கும் டிக்கெட் எடுத்ததோடு ஏற்பாடு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டும் அவசியம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த நகரம் தன் ஆகச் சிறந்த ஓவியங்களில் பலவற்றையும், குளிர்ந்த குடிதண்ணீரையும், குன்றுகளின் மேலிருந்து தெரியும் காட்சிகளையும் காசு வாங்காமலே தருகிறது. எந்த வாசல் எப்போது திறக்கும், எந்த ரயில் எங்கே போகும், காபியை எங்கே நின்று குடிக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு ரோம் செலவு வைக்கிற ஊரே இல்லை.

✦ ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக இரண்டு வகை ரயில்கள் உண்டு. லியனார்தோ எக்ஸ்பிரஸ் வழியில் எங்கும் நிற்காது. 32 நிமிடத்தில் தெர்மினி நிலையத்தில் இறக்கிவிடும். கட்டணம் 14 யூரோ. எஃப்எல்1 என்ற சாதாரண ரயிலுக்கு 8 யூரோதான். ஆனால் அது தெர்மினிக்குப் போகாது. திரஸ்தேவரே, ஓஸ்தியென்சே, திபுர்த்தினா நிலையங்கள் வழியாகப் போகும். பதிவு செய்திருக்கும் விடுதி எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இறங்கிய முதல் மணி நேரத்திலேயே 24 யூரோ மிச்சம்.

✦ டாக்சிக் கட்டணத்தை 1,700 ஆண்டுப் பழைய மதில் ஒன்று தீர்மானிக்கிறது! கி.பி. 271இல் பேரரசர் ஔரேலியன் கட்டத் தொடங்கிய மதில் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி ஓடியது. இன்றும் அதில் பெரும்பகுதி நிற்கிறது. விமான நிலையத்திலிருந்து அந்த மதிலுக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்தான். அது ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை, வண்டிக்கு. பெட்டிகளுக்குத் தனியாகக் காசு இல்லை. அங்கீகாரம் பெற்ற டாக்சிகள் வெள்ளை நிறத்தில், கூரையில் டாக்சிப் பலகையோடு இருக்கும். வருகைக் கூடத்திலேயே வந்து “டாக்சி வேண்டுமா?” என்று கேட்பவர்களை விட்டுவிட்டு, வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் ஏறுங்கள்.

✦ பழைய ரோமின் தெருக்கள் சின்னச் சின்னக் கருங்கல் கட்டிகள் பதித்தவை. உள்ளூரில் சம்பியத்ரீனி என்பார்கள். மழை பெய்தால் வழுக்கும். சக்கரப் பெட்டியை இழுத்துப் போவது பெரும்பாடு. குதிகால் உயர்ந்த செருப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள, ஏற்கனவே போட்டுப் பழகிய ஷூதான் இங்கே உதவும்.

✦ நகரப் போக்குவரத்துக்கான 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். அதற்குள் எத்தனை பேருந்து, டிராம் வேண்டுமானாலும் மாறலாம். மெட்ரோவில் ஒரு முறைதான். பேருந்தில் ஏறியதும் டிக்கெட்டை அங்குள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றால் டிக்கெட் இல்லாத பயணிதான், அபராதம் உண்டு. டிக்கெட்டை ‘T’ வடிவப் பலகை மாட்டிய தபாக்கி என்ற புகையிலைக் கடைகளில் வாங்கலாம். மெட்ரோ வாசலில் வங்கி கார்டை நேரடியாகத் தொட்டும் உள்ளே போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

✦ நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து நிற்காமல் போய்விடக்கூடும். கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

✦ தெர்மினிக்கும் வத்திக்கான் பக்கத்துக்கும் இடையே ஓடும் 64ஆம் எண் பேருந்து சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்தது. அதனாலேயே பிக்பாக்கெட்காரர்களுக்கும் பிடித்தது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை பின்பாக்கெட்டில் வைக்கவே கூடாது.

✦ இவ்வளவு பெரிய தலைநகரத்தில் மெட்ரோ தடங்கள் மூன்றே மூன்று. காரணம், எங்கே தோண்டினாலும் பழைய ரோம் தட்டுப்படுவதுதான். சான் ஜொவான்னி என்ற இடத்தில் சி தடத்துக்காகத் தோண்டியபோது பெரிய நீர்த்தொட்டியோடு ஒரு பண்டைய விவசாயப் பண்ணையே வெளிப்பட்டது. 2018இல் திறந்த அந்த நிலையத்தில், படிகளில் இறங்க இறங்க, நீங்கள் எந்த நூற்றாண்டின் மண்ணடுக்கைக் கடக்கிறீர்கள் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அங்கே கிடைத்த பொருள்கள். அவற்றில் அந்தப் பண்ணையில் விளைந்த பீச் பழங்களின் கொட்டைகளும் உண்டு. ரயில் டிக்கெட் விலையில் ஒரு தொல்லியல் காட்சிக்கூடம். வேறு வேலையே இல்லாவிட்டாலும் ஒரு தரம் அங்கே இறங்கி ஏறுங்கள்.

✦ ரோமில் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுப்பது போலத் தேவையற்ற செலவு வேறில்லை. தெருக்களில் சுமார் 2,500 வார்ப்பிரும்புக் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 1870களில் நகராட்சி நிறுவத் தொடங்கியவை இவை. வளைந்த மூக்கு போன்ற குழாய்வாய் இருப்பதால் ‘நசோனி’ என்று பெயர். கொட்டுவது அத்தனையும் வீடுகளுக்குப் போகும் அதே குடிநீர். கோடையிலும் சில்லென்று இருக்கும். பாட்டில் இல்லாதவர்களுக்கு ஒரு வித்தை: குழாயின் வளைவில் மேற்புறமாக ஒரு சிறு துளை இருக்கும். கீழ்வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியே மேலெழும்பிப் பாயும். குனியாமல் குடிக்கலாம். ரோமின் குழந்தைகள் இதை நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு நகரம் வழிப்போக்கனுக்குச் செய்யக்கூடிய உபகாரத்தில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

✦ ட்ரெவி நீரூற்றில் விழுவது கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா நகருக்குக் கொண்டுவந்த கால்வாயின் தண்ணீர்! அக்வா விர்கோ என்ற அந்தக் கால்வாய் இடையில் பழுதானாலும், மறுமலர்ச்சிக் காலத்தில் சீரமைத்து, இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. நாம் பார்க்கும் சிற்ப அலங்காரம் 1762இல் முடிந்தது. பயணிகள் எறியும் நாணயங்களை முறைப்படி அள்ளியெடுத்து, காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குத் தருகிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் சேர்கிறது. நீங்கள் போடும் காசு ஓர் ஏழைக்குச் சாப்பாடாகிறது என்ற நினைப்போடு தாராளமாகப் போடுங்கள். உள்ளே கால் நனைத்தால் மட்டும் அபராதம். பகலில் அங்கே நிற்கவே இடம் இருக்காது. விடியற்காலையில் போனால்தான் தண்ணீரின் ஓசையே காதில் விழும்.

✦ ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள். 2019 முதல் அங்கே உட்காரத் தடை. ஏறலாம், இறங்கலாம், நின்று பார்க்கலாம். மீறினால் அபராதம் 250 யூரோவில் தொடங்கி 400 வரை போகும்.

✦ அதே கடை, அதே காபி, இரண்டு விலை. மேடை ஓரம் நின்று குடித்தால் ஒரு விலை. மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொன்னால் அதைவிடப் பல மடங்கு ஆகலாம், அதுவும் நவோனா சதுக்கம் மாதிரி இடங்களில். இது ஏமாற்று இல்லை. விலைப் பட்டியலில் இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். ரோமாபுரியினர் பெரும்பாலும் நின்றபடியே இரண்டு வாயில் எஸ்பிரெஸ்ஸோவை முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கூட்டமான கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதை மேடையில் வைத்துக் கேட்க வேண்டும். கழிப்பறை தேடி அலைபவர்களுக்கும் இதுவே வழி: ஒரு காபி வாங்குங்கள், கேளுங்கள்.

✦ சில இத்தாலிய நகரங்களில் உணவகத்தில் உட்கார்ந்ததற்கே ‘கொப்பெர்த்தோ’ என்று ஒரு தொகை போடுவார்கள். ரோம் இருக்கும் லாசியோ மாநிலம் அதை 2006இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனால் மேசைக்கு வரும் ரொட்டிக்குக் காசு கேட்கலாம். வேண்டாம் என்றால் ரொட்டி வந்ததுமே சொல்லிவிடுங்கள். தின்றுவிட்டு வாதாட முடியாது. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

✦ சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. கர்போனாரா, அமத்ரிசியானா இரண்டிலும் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு இருக்கும். காச்சியோ ஏ பேப்பே என்பது பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்ந்த பாஸ்தா. அது சைவம் என்றே பலரும் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதில் போடும் பெக்கொரினோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு. இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு மரினாரா பீட்சா உண்டு: தக்காளி, பூண்டு, எண்ணெய், பாலாடைக்கட்டியே கிடையாது. பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த ஸ்பகெத்தியும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில் அவர்கள் மத விதிப்படி பால் உணவை மட்டும் சமைக்கும் உணவகங்கள் இருக்கின்றன. அங்கே மீன் இருக்கலாம், இறைச்சி இருக்காது. குளிர்காலம் முதல் வசந்தம் வரை போகிறவர்கள் அந்தத் தெருக்களில் முழு ஆர்ட்டிசோக் மொக்கை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தருவதைத் தவறவிடாதீர்கள். எந்தக் கடையிலும் “சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். இறைச்சியை மட்டும் மறுத்தால் நெத்திலி வந்து சேரும்.

✦ அந்த மிளகைப் பற்றி இன்னொரு சேதி. பேரரசர் தொமீஷியன் ரோமின் நடு மையத்தில், புனித வீதியின் ஓரம், மிளகுக்கென்றே ஒரு கிடங்கு கட்டினார். ‘ஹோரேயா பிபெரடாரியா’ என்று பெயர். வேறு வாசனைப் பொருள்களும் அங்கே குவிந்திருந்தாலும் பெயர் மிளகுக்குத்தான். பிற்காலத்தில் அதன் மேல் பேரரசர் மாக்சென்ஷியஸின் பெரிய மண்டபம் எழும்பியது. அந்த மிளகு பெருமளவு வந்தது சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து. முசிறியில் யவனர் மிளகு ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலும் உண்டு. விலையாக வந்த ரோமானியக் காசுகள் கோவை, கரூர் வட்டாரங்களில் இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துக்கொண்டிருக்கின்றன. ரோமன் ஃபோரம் போகிறவர்கள் அந்த மண்டபத்தின் மூன்று ராட்சத வளைவுகளுக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் மலைச்சரக்கு வந்து இறங்கிய இடம் அது. வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

✦ பாந்தியனுக்கு ஜூலை 2023 முதல் 5 யூரோ நுழைவுக் கட்டணம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த இந்தக் கட்டடத்தின் குவிமாடம் 43.3 மீட்டர் அகலம். தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீட்டர். கம்பி கட்டாத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் உலகில் இன்றுவரை இல்லை. உச்சியில் திறந்த வட்டம் ஒன்று, நம் பழைய வீடுகளின் முற்றம் போல. வெயிலும் உள்ளே வரும், மழையும் வரும். தரை லேசாகக் குவிந்திருப்பதால் மழைநீர் ஓடிச் சிறு துளைகள் வழியே வடிந்துவிடும். மழை நாளில் விடுதிக்குள் முடங்காமல் பாந்தியனுக்குப் போங்கள். பெந்தகோஸ்து ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் தீயணைப்பு வீரர்கள் அந்த வட்டத்தின் வழியே சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள்.

✦ தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கும் அப்படித்தான். கோடையில் ஒரு துப்பட்டாவோ மெல்லிய சால்வையோ பையில் இருந்தால் வாசலிலிருந்து திரும்ப வேண்டியிருக்காது. புனித பேதுரு பேராலயத்தில் இதை மிகவும் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

✦ கரவாஜ்ஜோ ஓவியங்களைப் பார்க்க உலகின் பல அருங்காட்சியகங்களில் நீண்ட வரிசை. ரோமில் ஆறு கரவாஜ்ஜோக்களை ஒரே காலையில், டிக்கெட் இல்லாமல், அவர் எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அந்தச் சுவரிலேயே பார்க்கலாம். சான் லுயிஜி தெய் ஃபிரான்செசி ஆலயத்தில் புனித மத்தேயு பற்றிய மூன்று. அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் சாந்த் அகோஸ்தினோவில் ஒன்று: அன்னை மரியா முன் மண்டியிடும் ஏழை யாத்திரிகரின் அழுக்குக் கால்களை நம் முகத்துக்கு நேரே காட்டும் படம். சாந்தா மரியா தெல் போப்போலோவில் இரண்டு. ஓவியங்கள் இருக்கும் பக்கவாட்டுச் சிற்றாலயங்கள் இருட்டாக இருக்கும். அங்குள்ள பெட்டியில் நாணயம் போட்டால் சிறிது நேரம் விளக்கெரியும். அதனால் சில்லறை கொண்டு போங்கள். பிறர் போட்ட விளக்கில் மட்டும் பார்த்துவிட்டு நகராமல், உங்கள் பங்குக்கும் ஒரு காசு போடுங்கள். பின்னால் வருபவர்களும் பார்க்கட்டும்.

சாந்த் இஞ்ஞாசியோ ஆலயத்தில் அண்ணாந்து பார்த்தால் பெரிய குவிமாடம் தெரியும். அப்படி ஒரு குவிமாடமே அங்கே கிடையாது! தட்டையான துணியில் ஆந்திரேயா பொத்ஸோ 1685இல் தீட்டிய ஓவியம் அது. தரையில் குறித்திருக்கும் இடத்தில் நின்றால் முழு மாயம். சில அடி நகர்ந்தால் சாய்ந்துபோகும். மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை சான் பியெத்ரோ இன் வின்கோலி ஆலயத்தில். அதற்கும் கட்டணம் இல்லை. ஒரே சிக்கல் நேரம்தான். பல ஆலயங்கள் பகல் பன்னிரண்டரை வாக்கில் மூடினால் மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கும். ஆகவே ஆலயங்களுக்குக் காலை, அருங்காட்சியகங்களுக்குப் பிற்பகல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

✦ வத்திக்கான் அருங்காட்சியகத்தின் வாசல் புனித பேதுரு சதுக்கத்தில் இல்லை! மதிலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடக்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் சதுக்கத்தில் நின்று தேடுகிறவர்கள் ஏராளம். ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. பேராலயத்துக்குள் போக எப்போதும் இலவசம். குவிமாட உச்சிக்குத்தான் கட்டணம். 551 படிகள். லிஃப்டில் பாதி வரை போனாலும் மீதி 320 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் நெருக்கமான இடம் ஆகாதவர்களும் கீழேயே இருந்துவிடுவது நல்லது. உச்சிக்கு நெருங்க நெருங்கச் சுவர் சாய்ந்து, வழி குறுகிப்போகும்.

திருத்தந்தை ரோமில் இருக்கும் புதன்கிழமைகளில் காலையில் பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடியும் வரை பேராலயத்துக்குள் போக முடியாது. சந்திப்புக்கான சீட்டு இலவசம். அதைக் காசுக்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அறிவித்தது இந்தச் சதுக்கத்தில்தான்.

✦ கொலோசியம் டிக்கெட்டில் 2023 இறுதியிலிருந்து பார்வையாளரின் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் பதிவு செய்யுங்கள். நம் முன்னெழுத்துப் பழக்கத்தில் சுருக்கிப் போட்டால் வாசலில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதே டிக்கெட் ஃபோரத்துக்கும் பாலத்தீன் குன்றுக்கும் செல்லும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்றாலும் அன்று முன்பதிவு கிடையாது. ஒரே ஒருமுறை போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதே மேல். பொர்கேசே கலைக்கூடத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம். இரண்டு மணி நேரத் தவணையாகத்தான் ஆட்களை விடுகிறார்கள்.

✦ நண்பகலில் குண்டுச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். ஜனிக்குலம் குன்றில் தினமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். ஒவ்வோர் ஆலயமும் தன் இஷ்டத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்ததால், எல்லோருக்கும் ஒரே நேரம் இருக்கட்டும் என்று 1847இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் தொடங்கிவைத்த வழக்கம். வெடிப்பது வெற்றுத் தோட்டாதான். அங்கிருந்து நகரம் முழுதும் தெரியும்.

✦ அவெந்தீன் குன்றில் மால்ட்டா வீரர் சபையின் பூட்டிய கதவொன்று இருக்கிறது. சாவித் துவாரத்தில் கண் வைத்தால், செடி வரிசைகளுக்கு நடுவே நேர்கோட்டில் புனித பேதுரு பேராலயக் குவிமாடம்.

✦ ஜூலியஸ் சீசர் கொலையுண்ட இடத்தில் இன்று பூனைகள் வாழ்கின்றன. லார்கோ அர்ஜென்தீனா என்ற அந்த இடிபாடுகளில் 2023 முதல் நடைபாதை அமைத்துப் பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். பூனைகளுக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் காப்பகமும் அங்கேயே உண்டு.

✦ அறை வாடகை போக, நகர வரி தனி. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. விடுதியின் தரத்துக்கேற்ப மாறும். 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை, பத்து இரவுக்கு மேலும் இல்லை. இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதை விடுதியில் கேட்பார்கள். பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவார்கள்; அது சட்டம்.

✦ மின்சாரம் நம் ஊரைப் போல் 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பொருந்தும். தடித்த மூன்று முள் பிளக் பொருந்தாது.

✦ வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள். அன்றும் காலை எட்டரை வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நகரப் பேருந்தும் மெட்ரோவும் ஓட வேண்டும் என்பது விதி. விமானத்துக்குப் போகிற நாளன்று இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

✦ ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ என்ற விடுமுறை நாள். அதையொட்டிய வாரங்களில் ரோம்வாசிகள் கடலுக்கும் மலைக்கும் போய்விடுவதால் குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்கள் பல பூட்டியிருக்கும். வெயிலும் கடுமை. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

✦ போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எதற்கும் 112. பச்சைச் சிலுவை ஒளிரும் இடம் மருந்துக்கடை. சின்ன உபாதைகளுக்கு அங்குள்ள மருந்தாளுநரிடமே ஆலோசனை கேட்கலாம்.

✦ பாம்பேயிக்கு நீண்ட பயணம் போக நேரமில்லாதவர்களுக்கு ஓஸ்தியா அந்திகா இருக்கிறது. பண்டைய ரோமின் துறைமுக நகரம். மாடி வீடுகள், நாடக அரங்கம், கல் மேடையோடு ஒரு சாப்பாட்டுக் கடை, வரிசையாகக் கல் கழிப்பறை, எந்த ஊர் வணிகர் என்ன சரக்கு ஏற்றினார் என்று தரையிலேயே படமாகப் பதித்த வணிகர் சதுக்கம் என அன்றாட வாழ்க்கை முழுதும் அங்கே கிடக்கிறது. பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டியுள்ள போர்த்தா சான் பாவ்லோவிலிருந்து அரை மணி நேர ரயில். அதற்கும் அந்த 1.50 யூரோ டிக்கெட்டே செல்லும். உள்ளே போகத் தனிக் கட்டணம். திங்கள்கிழமை விடுமுறை. நிழல் குறைவு, ஆகவே தொப்பியும் நிரப்பிய தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.